மாமாவால் படிக்க முடியாத பதாகை

“தமிழ்ப்பள்ளி வேலியில வெறும் துணியைக் கட்டி வச்சிருக்காங்களே, எழுத மறந்துட்டாங்களா?”

மாமா இதைக் கேட்டபோது நான் அவர் கடையில் ரொட்டி சானாய் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கை அப்படியே நின்றுவிட்டது. அந்தத் ‘துணி’யை வடிவமைத்தவள் நான்தான். மூன்று அடிக்குப் பத்து அடி. முதலாம் ஆண்டு மாணவர் பதிவுக்கான பதாகை. மேலே பெரிய எழுத்தில் அழைப்பு, கீழே பள்ளியின் தொலைபேசி எண், இரண்டு ஓரத்திலும் தங்கநிறக் கரை. மாமாவின் கடை சாலைக்கு எதிர்ப்புறம். காலை ஆறு மணியிலிருந்து அந்த வேலியைப் பார்த்துக்கொண்டேதான் அவர் மாவு வீசுகிறார்.

“எழுதியிருக்கு மாமா. சிவப்புல.”

“அப்படியா?” என்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பிறகு எனக்காக, “ஆமா ஆமா, என்னமோ தெரியுது” என்றார். பொய் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

பச்சைப் பின்னணியில் சிவப்பு எழுத்து. ஏன் அப்படிச் செய்தேன் என்பதற்கு அப்போது என்னிடம் அழகான காரணம் இருந்தது. மாவிலைத் தோரணம் பச்சை, குங்குமம் சிவப்பு, இரண்டும் மங்களம். கணினித் திரையில் பார்த்தபோது பளபளவென்று இருந்தது. ஜொகூர் பாருவில் கிராபிக் டிசைன் டிப்ளோமாவில் சேர்ந்து இரண்டே மாதம்தான் ஆகியிருந்தது. அதற்குள் ஒரு பள்ளி என்னை நம்பி வேலை கொடுத்துவிட்டது என்ற பெருமை வேறு. அது நான் ஆறு ஆண்டு படித்த பள்ளி.

அந்தப் பள்ளியைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். நாட்டில் இருக்கும் 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளில் பல, மாணவர் எண்ணிக்கை 150-க்கும் குறைந்த பள்ளிகள் என்ற பட்டியலில் இருக்கின்றன. எங்கள் பள்ளியும் அதில் ஒன்று. தோட்டம் போய் வீடமைப்புப் பகுதி வந்தது. பிள்ளைகள் வேறு பக்கம் போய்விட்டார்கள். அங்கே பத்துப் பிள்ளைகள் கூடுதலாகச் சேர்வதும் சேராததும் சின்ன விஷயம் இல்லை. அப்படிப்பட்ட இடத்தில்தான் நான் யாராலும் படிக்க முடியாத ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டிருந்தேன்.

வீட்டில் ஏற்கெனவே ஒரு கேள்வி ஓடிக்கொண்டிருந்தது. அப்பா பாசிர் கூடாங்கில் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறார். பி.டி.பி.டி.என். கடன் பாரத்தில் கையெழுத்துப் போட்டபோது, “கலர் அடிக்கப் படிக்கிறதுக்காம்மா கடன்?” என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அதனால்தான் பதில் சொல்ல முடியவில்லை. எஸ்.பி.எம்.மில் காட்சிக்கலைக் கல்வியில் நல்ல மதிப்பெண் எடுத்திருந்தேன். ஆனால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறேன் என்று எனக்கும் தெளிவாகத் தெரியாது.

பதாகையைப் படம் எடுத்து வகுப்புக்குக் கொண்டுபோனேன். எங்கள் விரிவுரையாளர், நாங்கள் ‘புவான்’ என்று அழைக்கும் மலாய் ஆசிரியை, என்னைத் திட்டவில்லை. என் கைப்பேசியை வாங்கி, படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றித் திருப்பிக் கொடுத்தார். அவ்வளவுதான்.

திரையில் ஒரு சாம்பல் நிறத் துணி இருந்தது. மாமா சொன்ன அதே வெறும் துணி.

நிறத்துக்கு மூன்று குணம் உண்டு என்று அன்றுதான் எனக்கு உறைத்தது. பாடத்தில் முன்பே வந்ததுதான்; ஆல்பர்ட் மன்செல் என்ற அமெரிக்க ஓவிய ஆசிரியர் 1905-ல் நூலாகவே எழுதிவைத்த முறை. சிவப்பா, பச்சையா, நீலமா என்பது ஒன்று. எவ்வளவு வெளிர், எவ்வளவு அடர் என்பது இரண்டாவது. எவ்வளவு செறிவு, எவ்வளவு மங்கல் என்பது மூன்றாவது. நாம் பேச்சில் முதல் குணத்தை மட்டும்தான் சொல்கிறோம். ஆனால் எழுத்தைப் பின்னணியிலிருந்து பிரித்துக் கண்ணுக்குக் காட்டுவது பெரும்பாலும் இரண்டாவது குணம். என் சிவப்பும் என் பச்சையும் ஒரே அளவு அடர்த்தி. அதனால் தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றையொன்று விழுங்கிவிட்டன; கிட்டத்தில் பார்த்தால் ஓரங்கள் நடுங்குவது போலக் கண்ணைக் கூசவைத்தன.

இதைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். இணையத்தளங்களுக்கான அனைத்துலக வழிகாட்டி விதி ஒன்று, சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே ஒளி வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 இருக்க வேண்டும் என்கிறது. பெரிய எழுத்தானால் 3-க்கு 1. வெள்ளையில் கறுப்பு 21-க்கு 1. என் பதாகை? 1.3-க்கு 1 கூட வரவில்லை. எஸ்.பி.எம். கணிதத்தில் வாங்கிய மதிப்பெண்ணைவிட இது என்னை அதிகம் வருத்தியது.

அடுத்த வாரம் புவான் எங்களை ஜாலான் தெப்ராவ் பக்கம் இருக்கும் ராஜகாளியம்மன் கண்ணாடிக் கோவிலுக்கு அழைத்துப்போனார். ஜொகூர் மாணவர்களுக்கு இது புதிய இடம் இல்லை. 1922-ல் சின்னக் குடிலாகத் தொடங்கிய கோவில், 2009-ல் கண்ணாடிக் கோவிலாக மாறியது. சுவர், தூண், கூரை என்று ஏறக்குறைய 3 லட்சம் கண்ணாடித் துண்டுகள். நானும் சின்ன வயதிலிருந்து எத்தனையோ முறை போயிருக்கிறேன். கும்பிட்டுவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். ஒரு துண்டையாவது தனியாகப் பார்த்ததில்லை.

புவான் ஆளுக்கொரு கறுப்பு அட்டை கொடுத்தார். நடுவில் விரல் நுழையும் அளவு ஓட்டை. செருப்பைக் கழற்றிவிட்டு, தலையில் துடோங்குடன் ஓர் ஓரமாக நின்றுகொண்டு, “ஒரு துண்டைத் தேர்ந்தெடுங்கள். முதலில் ஓட்டை வழியாகப் பாருங்கள். பிறகு அட்டையை எடுத்துவிட்டுப் பாருங்கள்” என்றார்.

நான் ஊதாத் துண்டு ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். ஓட்டை வழியாக அது சாதாரண, கொஞ்சம் அழுக்கான ஊதா. அட்டையை எடுத்ததும் பக்கத்து மஞ்சள் துண்டுகள் உள்ளே வந்தன. என் ஊதா திடீரென்று ராஜ அலங்காரத்தில் நின்றது. இரண்டு அடி தள்ளி அதே ஊதா, நீலத்துக்கு நடுவில். அங்கே அது ஏறக்குறைய சிவப்பு. ஒரே கண்ணாடி, ஒரே சுவர். இன்னொரு வேடிக்கை, நிறமே இல்லாத ஆடித் துண்டுகள். ஒரு பாட்டி மாம்பழ நிறச் சேலையில் கடந்து போனபோது தூணின் ஒரு பக்கம் முழுக்க மஞ்சளாகி மறுபடி வெள்ளியானது. சக மாணவன் ஒருவன், “இது ஏமாத்து வேலை” என்றான். அரை மணி நேரம் கழித்து அவன்தான் அட்டையைத் திருப்பிக் கொடுக்காமல் சுற்றிக்கொண்டிருந்தான்.

இதே ஏமாற்று வேலையால் குழம்பிப்போன ஒருவர் கதையைத் திரும்பும் பேருந்தில் புவான் சொன்னார். மிஷேல் செவ்ரல் என்ற பிரெஞ்சு வேதியியலாளர். 1824-ல் பாரிஸின் கோபெலின் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவுக்குப் பொறுப்பேற்றார். வந்ததும் புகார்: கறுப்புச் சாயம் சரியில்லை, நெய்த பிறகு கறுப்பு வெளிறித் தெரிகிறது. அவர் மற்ற நெசவுக்கூடங்களின் கறுப்பு நூலோடு ஒப்பிட்டுப் பார்த்தார். சாயத்தில் குறை இல்லை. கறுப்புக்குப் பக்கத்தில் நீலமும் ஊதாவும் வைத்து நெய்திருந்தார்கள். அவைதான் கறுப்பை வலுவிழக்கச் செய்தன. அதைத் தொடர்ந்து ஆராய்ந்து 1839-ல் ஒரு பெரிய நூலே எழுதிவிட்டார். புகார் சாயத்தின் மேல், காரணம் அக்கம்பக்கம்!

அன்று இரவு இதை அம்மாவிடம் ஆர்வமாகச் சொன்னேன். அம்மா ஜாலான் உங்கு புவானில் சேலைக் கடை ஒன்றில் பதினைந்து வருடமாக வேலை பார்க்கிறார். முழுவதையும் கேட்டுவிட்டு, “இதுக்கா கோவில் வரைக்கும் போனீங்க? கடைக்கு வந்திருந்தா நான் சொல்லியிருப்பேனே” என்றார்.

மறுநாள் போனேன். இதை நான் எத்தனையோ முறை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன், கவனித்ததில்லை. ஒரு வாடிக்கையாளர் கையில் இரண்டு சேலைகள். அம்மா சேலையை அவர் தோளில் போட்டுவிட்டு, “உடம்பு கலர் நல்லாத்தான் இருக்கு. ஆனா இந்தக் கரை எடுப்பா இல்லே” என்கிறார். எடுப்பு! கறுப்பு வெள்ளைப் படத்தில் என் பதாகைக்கு இல்லாமல் போனதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் எந்தப் பாடநூலிலும் இல்லை. நாங்கள் வகுப்பில் அதை ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தோம்.

பிறகு ரவிக்கைத் துணி பொருத்தம். கடை விளக்கில் இரண்டும் ஒரே நிறம். அம்மா விடவில்லை. “வாசல் வெளிச்சத்துல ஒரு தடவை பாத்துக்கங்க” என்று வாடிக்கையாளரைக் கூட்டிக்கொண்டு வெளியே போகிறார். வெயிலில் பார்த்தால் ஒன்றில் நீலம் தூக்கலாக இருக்கிறது, மற்றதில் சிவப்பு. இரண்டு துணியிலும் சாயம் வேறு. ஒரு விளக்கின் கீழ் ஒன்றாகத் தெரிவது இன்னொரு வெளிச்சத்தில் பிரிந்துவிடுகிறது. இதற்கென்று அறிவியலில் தனிப் பெயரே உண்டு. அம்மாவுக்கு அந்தப் பெயர் தெரியாது; ஆனால் துணி திரும்பி வந்தால் முதலாளி முகம் எப்படி மாறும் என்று தெரியும்.

கடையில் இருக்கும் நிறப்பெயர்களை அன்று எழுதிக்கொண்டு வந்தேன். கிளிப்பச்சை, ராமர் பச்சை, வெங்காயத் தோல், எலுமிச்சை மஞ்சள், அரக்கு. அரக்குப் பூச்சியிலிருந்து வந்த நிறம் என்பதால் அரக்கு. காஞ்சிபுரத்து நெசவாளர் ஒருவர் எம்.எஸ்.சுப்புலட்சுமிக்காக நெய்து கொடுத்து, அவர் பெயராலேயே நிலைத்துவிட்ட எம்.எஸ். நீலம். எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது மயில் கழுத்து. அது ஒரு சாயமே இல்லை. பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். நீலமும் பச்சையும் குறுக்கும் நெடுக்குமாக ஓடுவதால் மடிப்பு அசையும்போது நிறமும் அசைகிறது. ஜோசப் ஆல்பர்ஸ் என்ற ஜெர்மானிய ஆசிரியர் அமெரிக்கா போய்ப் பல ஆண்டு வண்ணக் காகிதத் துண்டுகளை வைத்துப் பாடம் நடத்தி, 1963-ல் நூல் வெளியிட்டார். ஒரே நிறத்தை இரண்டாகத் தெரியவைப்பது, இரண்டை ஒன்றாகத் தெரியவைப்பது என்று பயிற்சிகள். எங்கள் வகுப்பில் இன்றும் அவைதான். நான் அவற்றைச் சேலைக் கடை வெட்டுத் துணிகளில் செய்துகொண்டு போனேன். காகிதம் வாங்கும் செலவும் மிச்சம்.

இவ்வளவு படித்த பிறகும் மாமா மனதை உறுத்திக்கொண்டே இருந்தார். மற்றவர்களுக்குக் கண் கூசியது, சிரமப்பட்டாவது படித்தார்கள். அவருக்கு எழுத்தே தெரியவில்லை. ஏன்?

கண் பரிசோதனையில் புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் வட்டப் படங்களைப் பார்த்திருப்பீர்கள். ஜப்பானிய மருத்துவர் ஷினோபு இஷிஹாரா 1917-ல் வெளியிட்டவை. நூலகத்திலிருந்து அந்தப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். முதல் படத்தில் 12 என்றார். அது எல்லாருக்கும் தெரியும் படம். இரண்டாவது, மூன்றாவது, நான்காவது எதிலும் எண் இல்லை என்றார். பக்கத்தில் நின்ற அத்தை, “அதோ எட்டுன்னு இருக்கே, கண்ணு தெரியலையா?” என்று சத்தம் போட்டார். மாமாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. சிவப்பும் பச்சையும் தனக்கு ஏறக்குறைய ஒரே பழுப்பு என்பது அன்றைக்குத்தான் அவருக்கே தெரிந்தது. புத்தகத்தில் போட்ட சோதனை முடிவான சோதனை இல்லை என்று சொல்லிக் கண் மருத்துவரிடம் போகச் சொன்னேன். அவர் கேட்டது வேறு: “அப்போ இருபது வருசமா காய்த் தக்காளியா பொறுக்கிட்டு வந்தது என் தப்பு இல்லேதானே?” அத்தை பதில் சொல்லவில்லை.

இந்தக் குறை எக்ஸ் குரோமோசோம் வழியாக வருவது. அதனால் ஆண்களுக்கே அதிகம். ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறக்குறைய 12 பேரில் ஒருவருக்கு உண்டு, ஆசியர்களில் அதைவிடக் குறைவு. மாமாவுக்கு இருக்கிறதென்றால் அது பாட்டி வழியாக வந்தது. பாட்டி வழி என்றால் அம்மாவிடமும் இருக்கலாம். அம்மாவிடம் இருந்தால்…

என் தம்பி இரண்டாம் ஆண்டு படிக்கிறான். அவன் வரையும் மரங்களுக்கு இலை பழுப்பு நிறம். நாங்கள் எல்லாரும் சிரித்திருக்கிறோம். நான்தான் அதிகம் சிரித்தவள்; வீட்டில் ‘கலர்’ தெரிந்தவள் நான் இல்லையா? ஒருமுறை அவன் படத்தின் மேலேயே பச்சையில் திருத்தியும் கொடுத்திருக்கிறேன். புத்தகத்தைத் திறந்து அவன் முன் வைத்தபோது எனக்குத்தான் கை நடுங்கியது. அவன் 12 என்றான். அடுத்த பக்கத்தில், “இதுல ஒண்ணும் இல்லேக்கா” என்றான்.

இப்போது அவன் வண்ணக்கோல் ஒவ்வொன்றிலும் தமிழில் பெயர் ஒட்டியிருக்கிறேன். காகிதம் கிழிந்துபோனால் மறுபடி ஒட்டுகிறேன். ஆசிரியரிடம் அம்மா நேரில் போய்ச் சொல்லிவிட்டார். இதைப் படிக்கும் உங்களில் யாருக்காவது தம்பி இருந்து, அவன் இலைக்குப் பழுப்பு அடித்தால், சிரிப்பதற்கு முன் ஒரு முறை கண்ணைச் சோதித்துப் பாருங்கள்.

பள்ளிக்கு இரண்டாவது பதாகை செய்ய நானே கேட்டுக்கொண்டேன். அச்சுச் செலவு என் பகுதி நேர வேலைச் சம்பளத்திலிருந்து. இந்த முறை மங்களத்தைப் பற்றி யோசிக்கவில்லை, சாலையைப் பார்த்தேன். நெடுஞ்சாலையில் பச்சைப் பலகையில் வெள்ளை எழுத்து, மற்றச் சாலைகளில் நீலத்தில் வெள்ளை. எங்கும் அடர்த்தியும் வெளிர்வும்தான் வேலை செய்கின்றன. அமெரிக்காவில் 1939-ல் பள்ளிப் பேருந்துகளுக்கான தர விதிகளை வகுக்கக் கூடியவர்கள் மஞ்சளைத் தேர்ந்தெடுத்தார்கள். விடிகாலை மங்கல் வெளிச்சத்தில் அதன் மேல் கறுப்பு எழுத்து நன்றாகத் தெரியும் என்பது ஒரு காரணம். நம் பள்ளிப் பேருந்தும் மஞ்சள்தானே. மஞ்சளில் கறுப்பு என்று முடிவு செய்தேன். கணக்குப் போட்டால் 19.5-க்கு 1. மஞ்சள் மங்களமும்கூட, அதை நான் பள்ளியில் சொல்லிக்கொண்டேன்.

நிறம் முடிந்ததும் எழுத்து தகராறு செய்தது. இதைப் பற்றி எங்கள் பாடத்தில் ஒன்றும் இல்லை, நானே தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டது. தடித்த எழுத்துரு தூரத்திலிருந்து தெரியும் என்று நினைத்தேன். ரோமன் எழுத்துக்கு அது சரி. தமிழில் ண, ன, ஞ போன்றவற்றின் சுழிகள் தடிக்கத் தடிக்க அடைபட்டுக் கறுப்புக் கட்டியாகிவிடுகின்றன. புள்ளி இன்னும் மோசம். இருபது அடி தள்ளிப் போனால் க் எல்லாம் க ஆகிவிடும். மலாயில் ‘முரிட்’ என்று முடியும் சொல் நமக்கு ‘மாணவர்களுக்கான’ என்று நீளும். ஆகவே சொற்களைக் குறைத்தேன். பதினெட்டுச் சொல் அழைப்பு, ஐந்து சொல்லானது. நடுத்தர தடிமன், எழுத்துகளுக்கு இடையில் கொஞ்சம் கூடுதல் இடைவெளி, தொலைபேசி எண் மிகப் பெரிதாக. தங்கக் கரையை எடுத்துவிட்டேன். அது மட்டும் மனதுக்குக் கஷ்டமாக இருந்தது.

அச்சுக்கு அனுப்பும் முன் எழுத்துகளை உண்மையான அளவில் காகிதத்தில் ஒட்டி, ஞாயிற்றுக்கிழமை காலை வேலியில் கட்டினேன். அப்பா இரவு ஷிப்ட் முடிந்து வந்தவர், தூங்கப் போகாமல் ஏணியைப் பிடித்துக்கொண்டார். முதல் கட்டுக் கட்டியதும் சாலையைக் கடந்து அந்தப் பக்கம் போய் நின்றார். “இன்னும் ஒரு சாண் மேலே. மோட்டார் நிறுத்தினா மறைச்சிடும்” என்றார். அது எனக்குத் தோன்றவேயில்லை. கடன் பாரத்தில் கேட்ட கேள்வியை அவர் மறுபடி கேட்கவில்லை. நானும் பதில் சொல்லவில்லை.

இந்தத் துறைக்கு வர நினைப்பவர்கள் பலர் என்னிடம் எங்கே படிப்பது என்று கேட்கிறார்கள். பாசிர் கூடாங்கில் இப்ராகிம் சுல்தான் போலிடெக்னிக்கில் வடிவமைப்புப் படிப்புகள் உண்டு. பட்டப்படிப்புக்குப் பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் கலைப்புலம் இருக்கிறது. சரவாக் பல்கலைக்கழகத்திலும் உண்டு. “நம்மாளுங்க யாரு இதுல இருக்காங்க?” என்று வீட்டில் கேட்டால், 1965-ல் ஜொகூரில் பிறந்து, சட்டம் படித்துவிட்டு ஓவியத்துக்கு வந்த ஜெ.அனு என்கிற அனுரேந்திர ஜெகதேவாவைச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் பிறந்து, சென்னை அரசுக் கலைக் கல்லூரியில் பயின்று, மலேசியாவின் முக்கிய ஓவியர்களில் ஒருவரான சையத் தாஜுதீனைச் சொல்லுங்கள். நான் இந்தப் பெயர்களை எல்லாம் பிறகுதான் தெரிந்துகொண்டேன். முன்பே தெரிந்திருந்தால் அப்பாவிடம் கொஞ்சம் கெத்தாகப் பேசியிருக்கலாம்.

பதாகை வேலியில் ஏறிய மறுநாள் காலை மாமா கடைக்குப் போனேன். ஒன்றும் கேட்கவில்லை. தே தாரிக் மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். அவர் மாவு வீசிக்கொண்டே, வேலியைப் பார்த்து, தொலைபேசி எண்ணை ஒவ்வொரு இலக்கமாகச் சத்தமாகப் படித்தார். பிறகு திரும்பி,

“பாப்பா, மூணாவது சொல்லுல புள்ளி இன்னும் கொஞ்சம் பெருசா வச்சிருக்கலாம்” என்றார்.